அக்கரைப் பயணமும் குடிநுழைவு மேசையும்: குறுகிய காலச் சுற்றுலாவுக்குப் பின்னுள்ள விதிகள்

இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து தங்கலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அனுமதித்தது. பின்னர் அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோனாபட்டு என்று எந்த ஊரை எடுத்தாலும் பினாங்கிலோ கிள்ளானிலோ ஈப்போவிலோ உறவு வைத்திருக்கும் குடும்பங்கள் செட்டிநாட்டில் உண்டு. அவர்களுக்கு இந்த அறிவிப்பு பெரிய ஆறுதலாக அமைந்தது. தைப்பூசத்துக்குப் பினாங்கு வெள்ளிரதம் பார்க்கவும், உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரவும் இப்போது விசாவுக்காக ஏஜென்டிடம் அலைய வேண்டியதில்லை. ஆனால் இதே காலத்தில்தான், கோலாலம்பூரில் இறங்கிய இந்தியப் பயணிகள் சிலர் உள்ளே விடப்படாமல் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்ட செய்திகளும் வந்தன. விசா வேண்டாம் என்றதும் கேள்வியே இருக்காது என்று எண்ணிக்கொண்டு புறப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. விலக்கப்பட்டது, முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி வாங்கும் ஒரு படி மட்டுமே. சுற்றுலாப் பயணியாகத்தான் வருகிறேன், செலவுக்குப் பணம் இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, குறித்த நாளில் திரும்பிவிடுவேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. முன்பு அதைத் தூதரகத்தில் காகிதத்தால் நிறைவேற்றினோம். இப்போது இறங்கிய இடத்தில், இமிகிரேஷன் மேசைக்கு முன்னால் நின்று நிறைவேற்றுகிறோம்.

இந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால்தான் விளங்கும். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் முந்தைய தலைமுறைகள், மூன்றாண்டுத் தவணையாகிய கணக்கை முடித்து ஊர் திரும்பி மீண்டும் கப்பலேறிய காலத்தில், இன்று நாம் அறிந்த பொருளில் விசா என்று ஒன்று இல்லை. அந்த ஊர்களில் பெரும்பாலானவை ஒரே பேரரசின் கீழ் இருந்தன. முதல் உலகப் போர்தான் எல்லைகளைக் காகிதத்தால் அடைத்தது. போருக்குப் பின் 1920-இல் பாரிஸில் கூடிய மாநாடு பாஸ்போர்ட்டுக்கு ஒரு பொது வடிவத்தைப் பரிந்துரைத்தது; அதே ஆண்டில் இந்தியாவுக்குள் நுழைவோர் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. விடுதலைக்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் கதவைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. இலங்கை 1948-லேயே குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தை இயற்றியது. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடத்தில் நம்மவர் அயல்நாட்டவர் ஆனார்கள்.

நம் அரசமைப்பு இதில் ஒரு பாதியை மட்டுமே நமக்குத் தருகிறது. வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. எந்த நாட்டை விட்டும் வெளியேறவும் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. பிறருடைய நாட்டுக்குள் நுழையும் உரிமையை எந்த ஆவணமும் யாருக்கும் தரவில்லை. அது அந்த நாடு தருகிற அனுமதி. விசா கையில் இருந்தாலும் நுழைவதற்கு உத்தரவாதம் இல்லை என்று பல நாடுகள் எழுதி வைத்திருப்பதன் வேர் இதுதான்.

நடைமுறையில் முதலில் நம்மைச் சோதிப்பது அந்த நாட்டு அதிகாரி அல்லர். திருச்சியிலோ மதுரையிலோ விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில் இருக்கும் ஊழியர். தகுந்த ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் பல நாடுகளில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எங்கே என்ன தேவை என்று தொகுத்து வைத்திருக்கும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் அவர்கள் போர்டிங் பாஸ் கொடுக்கிறார்கள். அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. அடுத்தது நம் நாட்டுக் குடிநுழைவுப் பிரிவு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியகல்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அது 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோரைப் பாதுகாக்க வந்த ஏற்பாடு. மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்தக் குடியகல்வு அனுமதி தேவையில்லை என்றாலும், உண்மையில் சுற்றுலாதானா என்று அவரிடம் கூடுதலாகக் கேட்பார்கள். படிப்பை இடையில் விட்ட ஆச்சிமார் பலருக்கு இந்தக் குறிப்பு இருக்கிறது. 50 வயதைக் கடந்தவர்களும் வருமான வரி கட்டுபவர்களும் அதை நீக்கிக்கொள்ளத் தகுதி உடையவர்கள் என்பதைப் புதுப்பிக்கும்போதே கவனித்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை நம் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடப்பதால், கானாடுகாத்தானில் இருப்பவருக்கு மதுரை மண்டல அலுவலகமும் ராயவரத்தில் இருப்பவருக்குத் திருச்சி மண்டல அலுவலகமும் பொறுப்பு. இது சிறிய விஷயம். பெயர்தான் பெரிய விஷயம். குடும்பத்தை அடையாளம் காட்டும் நம் விலாசம் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களைத் தலைப்பெழுத்துகளாகச் சுமப்பது. கல்யாணப் பத்திரிகையில் அது எவ்வளவு பெருமையாக இருந்தாலும், பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்துக்கு இடம் இல்லை. அதை விரித்து எழுத வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் தந்தை பெயரை மட்டும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதியிருப்பார். தம்பி பாட்டனார் பெயரையும் சேர்த்து நீளமாக எழுதியிருப்பார். அப்பத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். வெறுமையாக இருப்பதன் விளைவு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராக மாறி, முதற்பெயருக்குரிய இடத்தில் பெயர் தெரியாது என்பதற்கான மூன்றெழுத்துக் குறி ஏறிவிடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. வீட்டில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒருமுறை எடுத்து வைத்து, பெயர்க் கட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் டிக்கெட் போடச் சொல்வது எவ்வளவோ அலைச்சலைக் குறைக்கும்.

ஆறு மாதக் கணக்கும் பலரைத் தடுக்கிவிடுகிறது. பாஸ்போர்ட் நவம்பர் 20 வரை செல்லும், பயணமோ ஜூன் 10-இல் தொடங்கி ஒரே வாரத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வர நேரம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை போன்ற நாடுகள், வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஜூன் 10-க்கு ஆறு மாதம் என்றால் டிசம்பர் 10. அந்தப் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏற முடியாது. சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கே கிடைப்பதால், பெற்றோருடையது சரியாக இருந்து பிள்ளையுடையது மட்டும் இடிப்பது அடிக்கடி நடக்கிறது. பிள்ளை ஆயாவோடு (பாட்டியோடு) மட்டும் போகிறது என்றால், பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றின் நகலும் கூடவே இருக்கட்டும்.

இனி மின்னணு வருகை அட்டை. விமானத்துக்குள் பேனா கடன் வாங்கி நிரப்பிய காகிதச் சீட்டுகள் போய்விட்டன. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இதை நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே முறைக்கு வந்துவிட்டது. மூன்றுமே இலவசம். தேடுபொறியில் பெயரைத் தட்டினால், அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கின்றன. கட்டணம் கேட்டாலே அது தவறான இடம் என்று தெரிந்துகொள்ளலாம். இதில் நான் வலியுறுத்த விரும்புவது மின்னஞ்சல் கட்டத்தைத்தான். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதியை, அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுகிறது. டிராவல்ஸ்காரர் வேலையைச் சுலபமாக்கத் தன் முகவரியைப் போட்டுவிட்டால், நாம் என்று வெளியேற வேண்டும் என்ற தகவல் அவருடைய கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வந்தவருக்கு எதுவும் தெரியாது.

மேசைக்கு முன்னால் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இரண்டு நிமிடம்கூட நீடிப்பதில்லை. எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று பதில். எங்கே தங்குவீர்கள்? பெரியப்பா மகன் வீட்டில். முகவரி? அண்ணன் விமான நிலையத்துக்கு வெளியே வந்து நிற்பான், அவனுக்குத் தெரியும். திரும்பும் டிக்கெட்? அதையும் அவன்தான் போட்டுத் தருவான். நம் ஊர்க் கணக்கில் இந்த நான்கு பதில்களும் உண்மை, இயல்பு, உறவின் பலத்தைக் காட்டுபவை. கேட்கிற அதிகாரிக்கோ இவை நான்கும் சேர்ந்து, தங்குமிடமும் திரும்பும் ஏற்பாடும் இல்லாமல் வந்திருக்கும் ஒருவரைக் காட்டுகின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றுலா என்ற பெயரில் ஆட்களை அழைத்துப் போய் உணவகங்களிலும் தோட்டங்களிலும் வேலைக்கு விட்டுவிடும் முகவர்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பதில்களும் இப்படியேதான் இருக்கும். உறவினரின் முழு முகவரி, கைபேசி எண், அவருடைய அடையாள அட்டையின் நகல், ஒரு வரி அழைப்புக் கடிதம், உறுதி செய்த திரும்பும் டிக்கெட், செலவுக்குரிய பணம் அல்லது வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை ஆகியவற்றைக் காகிதமாகக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். கைபேசியில் இருக்கிறது என்ற நம்பிக்கை, அங்கே இணைப்புக் கிடைக்காதபோது உதவாது. கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் சேர்த்து வைப்பது நல்லது.

சிங்கப்பூருக்கு இந்தியர்கள் இன்னும் முன்கூட்டி விசா வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகவோ, அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள உறவினர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். இலங்கை 2012 முதல் மின்னணுப் பயண அனுமதி முறையை வைத்திருக்கிறது. அதன் கட்டணமும் நடைமுறையும் 2023-க்குப் பிறகு பலமுறை மாறியதால், டிக்கெட் போடும் வாரத்தில் அந்நாட்டு அரசுத் தளத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ‘சிவகங்கை’ என்ற பெயருடைய கப்பல் போய்வருகிறது. நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய கப்பல் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் கப்பலில் போனாலும் பாஸ்போர்ட், அனுமதி விதிகள் அவையேதான். சைகோனில் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலைப் பார்க்க விரும்புவோருக்கு, வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரையிலான மின்விசா தருகிறது. எந்த விமான நிலையம் வழியாக நுழைவோம் என்பதை விண்ணப்பத்திலேயே சரியாகக் குறிக்க வேண்டும். மியான்மரும் 28 நாளுக்கு மின்விசா தருகிறது என்றாலும், 2021 இராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே பல பகுதிகளில் சண்டை நடப்பதால், மூதாதையர் வாழ்ந்த ஊரைப் பார்க்கும் ஆசைக்கு வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் இடங்கொடுக்கக் கூடாது.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் வேறு வகை. தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளுக்கும் ஒரே விசா போதும். அதை அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்தில் கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. அமெரிக்காவில், 1952-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 214(b) பிரிவுப்படி, சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரும் நிலையாகத் தங்க வருபவர் என்றே முதலில் கருதப்படுவார். இல்லை என்று மெய்ப்பிப்பது விண்ணப்பதாரர் வேலை. ஊருக்குத் திரும்பிவருவதற்குரிய பிடிமானம் என்ன என்று கேட்கும்போது நம்மவர் வீட்டைக் காட்டுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பர்மாத் தேக்குத் தூண்களும் கொண்ட அந்த வீடு, ஆவணத்தில் கொள்ளுப் பாட்டனார் பெயரில் இருக்கிறது. பங்காளிகள் பலருக்கு அதில் பாகம். விண்ணப்பிப்பவர் பெயரில் தனிப் பட்டாவும் இல்லை, அதிலிருந்து வருமானமும் இல்லை. தூதரகம் அதற்குப் பெரிய மதிப்புத் தராது. சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, பல மாதங்களாகச் சீராக நடந்துவரும் வங்கிக் கணக்கு, ஊரில் விட்டுச்செல்லும் குடும்பம் ஆகியவைதாம் எடைபோடப்படுகின்றன. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரோ கணக்கில் போட்ட பெருந்தொகை உதவுவதைவிடச் சந்தேகத்தையே வளர்க்கும்.

சுற்றுலா அனுமதியில் செய்யக்கூடாதது வேலை. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எது வேலை என்பதில்தான் குழப்பம். பினாங்கில் நடக்கும் திருமணத்துக்குச் சமைக்க ஊரிலிருந்து அழைத்துப்போகும் சமையல்காரர், கும்பாபிஷேகத்துக்குப் போகும் சிவாச்சாரியார், கோயில் திருவிழாவுக்குச் செல்லும் நாகஸ்வரக் குழுவினர் ஆகியோர் சம்பளமோ சம்பாவனையோ பெற்றுக்கொண்டு பணி செய்யப் போகிறவர்கள். அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் சமயச் சொற்பொழிவு ஆற்ற வருபவருக்கும்கூட அப்படித்தான். அழைக்கும் கோயிலோ குடும்பமோ அங்கிருந்து விண்ணப்பித்துப் பெற வேண்டிய அந்த அனுமதியை, செலவு மிச்சம் என்று தவிர்த்துவிட்டு, விசா இல்லாச் சலுகையில் அவர்களை அழைத்துப் போகிறார்கள். பிடிபட்டால் தண்டனை அனுபவிப்பது அழைத்தவர் மட்டுமல்ல. கரண்டியோடு போன அந்தத் தொழிலாளியும்தான். இதை நான் மிகவும் தவறான பழக்கமாகக் கருதுகிறேன்.

பெட்டிக்குள்ளும் விதி உண்டு. குழம்புப் பொடி, மணகோலம், சீப்புச்சீடைப் பலகாரங்கள் என்று அடுக்கும்போது, குருமாவுக்கு வேண்டுமே என்று ஒரு பொட்டலம் கசகசாவையும் வைத்துவிடுவது நம் வீட்டு வழக்கம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். முன்பே அரைத்து வைத்த மசாலாவில் அது கலந்திருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்க மாத்திரையும் வலுவான வலி நிவாரணியும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சில நாடுகளில் முன் அனுமதி கோருபவை. பெரியவர்களின் மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு அட்டையிலேயே இருக்கட்டும், டப்பாவில் கொட்டி எடுத்துப்போக வேண்டாம். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவாயினும் அறிவித்துவிட வேண்டும். போட்டுக்கொண்டு போகும் நகை அதிகமென்றால், புறப்படும்போதே நம் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது விளக்கம் சொல்ல நேராது.

நாள் கணக்குக்கு வருவோம். ஷெங்கனில் எந்த 180 நாளிலும் 90 நாள் என்பது விதி. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்தே எண்ணப்படும். மார்ச் 1-இல் இறங்கி மே 30-இல் திரும்பும் ஒருவர், மூன்று மாதம் முடியும் முன்பே கிளம்பிவிட்டோம் என்று நினைப்பார். மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 30, ஆக 91. ஒரு நாள் அதிகம். முன்பு முத்திரையைப் புரட்டிப் பார்த்து எண்ணிய வேலையை, 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில், விரல்ரேகையும் முகப்படமும் பதிந்துகொண்டு கணினியே செய்கிறது. அமெரிக்க விசா பத்தாண்டுக்கு என்று ஒட்டியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் அதிகாரி குறிக்கும் தேதியே தீர்மானிக்கும். மகளின் பேறுகாலம் பார்க்கப் போன தாயார், குழந்தைக்கு இன்னும் ஒரு மாதம் துணையாக இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணுவது இயல்பு. அந்தத் தேதி தாண்டும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. தாண்டிய பின் அதே தாயார் அடுத்த பேரக்குழந்தையைப் பார்க்கப் போவது கடினமாகிவிடும்.

விருந்தினர் வரவு குறித்து நம் ஊரிலேயே இதற்கு இணையான கடமை நடைமுறையில் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துபவர்கள், பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்து தங்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், விசா விவரங்களையும் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிய வேண்டும். அப்படிப் பதிந்து பழகியவர்களுக்கு, வெளிநாட்டு மேசையில் கேட்கும் கேள்வி அவமதிப்பாகத் தோன்றுவதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படலாம். அந்த நேரத்தில் கோபப்படுவதும், தெரியாத மொழியில் நீட்டும் காகிதத்தில் அவசரமாகக் கையொப்பம் இடுவதும் நிலைமையை மோசமாக்கும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம். உறவினரோடு பேச அனுமதி கேட்கலாம். இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ள விரும்புவதாகச் சொல்லலாம். கிடைத்த காகிதங்களைத் திரும்பிவந்த பின் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பல நாடுகளின் விசாப் படிவங்களில், இதற்கு முன் எந்த நாட்டிலாவது நுழைவோ விசாவோ மறுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது. ஆம் என்று எழுதிக் காரணத்தை விளக்கியவருக்கு மறுபடியும் விசா கிடைப்பதுண்டு. மறைத்து இல்லை என்று எழுதியவர் பிடிபட்டால், பொய்த் தகவல் தந்ததற்காகச் சில நாடுகள் பல ஆண்டுகளுக்குத் தடை விதிக்கின்றன.